ஏழு வயது மகன் மீண்டும் படுக்கையை நனைக்கிறான்: வீட்டில் என்ன செய்யலாம்?

புதுக்குடியிருப்புத் தாய் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகன் இரண்டாம் தரத்தில் படிக்கிறான். இரவில் படுக்கையை நனைப்பது நான்கு வயதிலேயே முழுமையாக நின்றிருந்தது. கடந்த தவணையில் இருந்து மீண்டும் தொடங்கி, இப்போது வாரத்தில் பாதி இரவுகளாவது நனைக்கிறான். விடியற்காலையில் ஈரக் காற்சட்டையைக் கழற்றி நெல்மூட்டைக்குப் பின்னால் திணித்துவிட்டு, ஒன்றும் நடவாதவன் போலப் பல் துலக்கப் போய்விடுகிறான். உள்ளாடையில் அடிக்கடி சிறிது மலமும் படிந்திருக்கிறது. சரியாகக் கழுவாமல் ஓடி வருகிறான் என்றே நினைக்கிறோம். சாப்பாடு குறைந்துவிட்டது. தொட்டதற்கெல்லாம் கோபப்பட்டுத் தங்கையை அடிக்கிறான்.

இரண்டு அடி போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்கிறார் அப்பம்மா. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்கிறார் கணவர். அயலில் ஒருவர், கிணற்றுத் தண்ணீரால் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம் என்று சொன்னதில் இருந்து எனக்கு உறக்கமே இல்லை. இதை வீட்டிலேயே சரிசெய்யலாமா, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

பரந்தன் தந்தை:

சகோதரி, தயவுசெய்து அடிக்க விடாதீர்கள். உறக்கத்தில் சிறுநீர் போவது பிள்ளையின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்று. ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் இரவில் நனைப்பவர்களே. தாய் தந்தை இருவருக்குமே சிறுவயதில் இந்தப் பிரச்சினை இருந்திருந்தால், பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு முக்கால் பங்குக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. உங்கள் இரு குடும்பத்துப் பெரியவர்களிடமும் விசாரித்துப் பாருங்கள். பலர் வெட்கத்தில் மறைத்திருப்பார்கள்.

எங்கள் மகளுக்கும் இது இருந்தது. படுக்கை விரிப்புக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டோம். மாற்றுடையைத் தலைமாட்டிலேயே வைத்தோம். எழும்பியதும் உடையை அவளே மாற்றிக்கொள்வாள். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாங்கள் படுக்கப் போகும் நேரத்தில் அவளை எழுப்பி மலசலகூடத்துக்கு அழைத்துச் சென்றோம். அதையும் நீங்கள் செய்து பார்க்கலாம்.

மாங்குளம், ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர்:

தங்கச்சி, நீங்கள் எழுதியவற்றில் என் கண்ணில் முதலில் பட்டது ஈரப் படுக்கை அல்ல, உள்ளாடையில் படிந்திருக்கும் மலம். அதைக் கழுவாத குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை மலத்தை நாட்கணக்கில் அடக்கும்போது குடலின் கடைசிப் பகுதியில் அது இறுகித் திரண்டுவிடுகிறது. குடல் விரிந்து விரிந்து, மலம் வருகிறது என்ற உணர்வே மழுங்கிப்போகிறது. பின்னால் வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசிந்து, பிள்ளை அறியாமலேயே உடையில் படிகிறது. முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையையும் அதே கட்டி நெருக்குவதால், பை நிரம்பும் முன்னரே சிறுநீர் வெளியேறுகிறது. வயிறு எப்போதும் பாரமாக இருந்தால் சாப்பாடு செல்லாது. சாப்பிடாத பிள்ளைக்குக் கோபம் வரும். நீங்கள் தனித்தனியாக எழுதிய நான்கு முறைப்பாடுகளும் பெரும்பாலும் ஒரே வேரில் இருந்து வந்தவை என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் வைத்தியசாலைக்குக் கட்டாயம் போங்கள். பிறந்ததில் இருந்து நனைத்துவரும் பிள்ளையை ஆறேழு வயது வரை பொறுத்துப் பார்க்கலாம். ஆறு மாதங்களுக்கு மேல் நனைக்காமல் இருந்துவிட்டு மீண்டும் தொடங்கும் பிள்ளைக்குக் காரணம் தேடியே ஆக வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றே கிருமித் தொற்று, சீனி இரண்டையும் காட்டிவிடும். அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி நிறையச் சிறுநீர் போதல், உடல் மெலிதல் ஆகியவை சேர்ந்து இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சிறுபிள்ளைகளுக்கும் நீரிழிவு வரும், அது சில நாட்களிலேயே ஆபத்தாகிவிடும். காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிவு, கால்களில் பலவீனம் இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

அயலவர் சொன்ன சிறுநீரக நோயைப் பற்றி: வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் காணப்படும் அந்த நாட்பட்ட நோய் பெரும்பாலும் வயது வந்தவர்களை, அதிலும் வயல்வேலை செய்யும் ஆண்களையே பாதிக்கிறது. படுக்கையை நனைப்பது அதன் அடையாளம் அல்ல.

கணவரிடம் சொல்லுங்கள், தண்ணீரை நிறுத்துவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். நமது வெயிலில் தண்ணீர் குறைந்தால் மலம் மேலும் இறுகும். சிறுநீர் செறிந்து பையை உறுத்தும். இந்த வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாமல் நீர் தேவை. அதில் பெரும்பகுதியைக் காலையிலும் மதியத்திலும் கொடுத்து, படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது நிறுத்தினால் போதும். வரட்சிக் காலத்தில் பவுசர் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீடுகளிலும் பிள்ளையின் குடிநீரில் கை வைக்கக் கூடாது. நிறுத்த வேண்டியது இரவுத் தேநீரை. நமது வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் இரவில் வெறுந்தேநீர் கொடுக்கிறோம். அது சிறுநீரைத் தூண்டும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் அவசரப்படுத்தாமல் மலசலகூடத்தில் இருக்க விடுங்கள். குந்தும் மலசலகூடம் என்றால் மிகவும் நல்லது. கதிரை போன்றது என்றால் காலுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள். பப்பாளி, கீரை, குரக்கன், அவித்த பயறு ஆகியவை வீட்டிலேயே இருப்பவை. மலம் போன நாளையும் நனையாத இரவையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். வைத்தியருக்கு அது மிகவும் உதவும்.

பரந்தன் தம்பி சொன்னபடி எழுப்பினால் அன்றைய விரிப்பு நனையாமல் இருக்கலாம். ஆனால் பிள்ளை தானாக விழித்தெழப் பழகுவதற்கு அது உதவுவதில்லை. அரைத்தூக்கத்தில் தூக்கிச் சென்று கழிக்க வைப்பதால் பயனில்லை.

நெடுங்கேணி ஆசிரியை:

மகன் பகலில் பாடசாலை மலசலகூடத்துக்குப் போகிறானா என்று கேட்டீர்களா? கடந்த தவணையில் தொடங்கியது என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன். கதவுக்குக் கொழுக்கி இல்லாத, வாளியில் தண்ணீர் இல்லாத மலசலகூடத்துக்குப் போக அஞ்சி, ஏழரை மணியில் இருந்து வீடு திரும்பும் வரை அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். அவர்களில் பலர் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மாலையில் அவனது போத்தலைத் தூக்கிப் பாருங்கள்.

வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, கேட்டவுடன் வெளியே அனுப்பும்படி கேளுங்கள். மற்றப் பிள்ளைகளின் முன் பேச வேண்டாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை திடீரென்று மாறும்போது, யாராவது மிரட்டுகிறார்களா, தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்களா என்பதையும் மென்மையாக விசாரிக்க வேண்டும். வயல்வரம்பில் நடக்கும்போது அல்லது சமையலில் உதவும்போது கேட்டால் பிள்ளை கூடுதலாகப் பேசும். அப்படி ஏதேனும் தெரியவந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

புதுக்குடியிருப்புத் தாய்:

மூவருக்கும் மிக்க நன்றி. போத்தல் நிரம்பியபடியே திரும்பி வருகிறது. பாடசாலை மலசலகூடத்தில் பெரிய அண்ணாமார் கதவைத் தள்ளித் திறந்து சிரிப்பார்களாம். அதனால் போவதே இல்லையாம். அதிபர் அந்தக் கதவுக்குக் கொழுக்கி போடச் சம்மதித்துவிட்டார். சிறுநீரில் கிருமியும் இல்லை, சீனியும் இல்லை. வைத்தியர் வயிற்றை அழுத்திப் பார்த்து, மலம் இறுகியிருப்பதாகச் சொல்லி லக்ற்றுலோஸ் பாணி தந்தார். இப்போது மலம் இலகுவாகப் போகிறது, சாப்பிடவும் தொடங்கிவிட்டான். பாணியை நிறுத்திவிடலாமா? பழக்கமாகிவிடும் என்று அப்பம்மா அஞ்சுகிறார்.

மாங்குளம், ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர்:

நிறுத்த வேண்டாம் தங்கச்சி. விரிந்த குடல் பழைய நிலைக்குச் சுருங்க மாதக்கணக்காகும். இடையில் நிறுத்தினால் மலம் மீண்டும் இறுகும். இரண்டு மாதங்களாவது கொடுக்க வேண்டியிருக்கும், ஒழுங்காகப் போகத் தொடங்கி ஒரு மாதமாவது கடந்த பின்னர் வைத்தியரே படிப்படியாகக் குறைப்பார். அந்தப் பாணி குடலில் நீரைத் தேக்கி மலத்தை இளக்குவது. குடலைச் சோம்பேறியாக்கும் மருந்து அல்ல என்று மாமியாருக்குச் சொல்லுங்கள். மலம் சீரான பின்னரும் படுக்கை நனைவது தொடர்ந்தால், கொப்பியை எடுத்துக்கொண்டு மீண்டும் கிளினிக்குக்குப் போங்கள். அதற்கென மணியடித்து எழுப்பும் கருவியும் மருந்தும் உண்டு. கொழுக்கி போட்டாயிற்றா என்பதை மட்டும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.