கலியாணத்துக்கு முன் சொத்து உடன்படிக்கை எழுதுவது தவறா?

கேள்வி – கோப்பாய்ப் பெண்
வரும் தை மாதம் எனக்குத் திருமணம். அம்மா தமது வீட்டுக் காணியை எனக்குச் சீதனமாக எழுதுகிறார். அதில் வீடு கட்ட மாப்பிள்ளை தம் சேமிப்பைப் போடுவார். மீதிக்கு இருவரும் வங்கிக் கடன் எடுப்போம். இவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்வோம் என்றேன். "தாலி ஏற முன்னமே பிரியிற கதையோ?" என்று பெரியம்மா நொந்துகொண்டார். நான் கேட்டது தவறா?

பதில் – சட்டத்தரணி, யாழ்ப்பாணம்
தவறே இல்லை, தங்கச்சி. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரித்து, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி சீதனக் காணி உங்கள் தனிச் சொத்து. ஆயினும் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அவர் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். மணவாழ்வில் உழைத்து வாங்குவது தேடியதேட்டம். தனிச் சொத்தை விற்ற பணத்தில் வாங்கியது, 1947 திருத்தத்தின் பின், அதில் அடங்காது. உங்கள் சிக்கல் வீட்டில்தான். காணி உங்களுடையது, கல்லும் சீமெந்தும் அவருடையது, கடனோ இருவருடையது என்றிருக்கையில், யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு எழுத்து இல்லாவிட்டால் பின்னர் வாய்ப்பேச்சுத்தான் மிஞ்சும்.

பதில் – இணுவில் வாசகி
பெரியம்மாவிடம் அவருடைய சீதன உறுதியையே எடுத்துக் காட்டுங்கள். எத்தனை பரப்பு, எத்தனை குழி, வடக்கே யாருடைய காணி, கிணற்றில் எத்தனை பங்கு என்று தாலி ஏற முன்னரே எழுதியவர்கள் நாங்கள். அதை எவரும் அபசகுனமாக எண்ணவில்லை. பெற்றோர் கொடுப்பதை இவ்வளவு நுணுக்கமாக எழுதும் நாம், இருவரும் சேர்ந்து உண்டாக்கப்போவதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதுவதில்லை. என் தம்பி மனைவியின் காணியில் மாடி வீடு கட்டினான். பிணக்கு வந்தபோது அவன் கையில் ஒரு பற்றுச்சீட்டுக்கூட இருக்கவில்லை. இரு வீட்டாருக்கும் பகை இன்றும் தீரவில்லை.

பதில் – ஓய்வுபெற்ற நொத்தாரிசு (காணிப் பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்துபவர்)
எழுதுங்கள், ஆனால் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பிள்ளைகளின் பராமரிப்பை 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி நீதிமன்றமே தீர்மானிக்கும். காணி சம்பந்தமான எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பட வேண்டும். 1840 முதல் சட்டம் அதுவே. இருவரும் தத்தமக்கெனத் தனித்தனிச் சட்டத்தரணியை வைத்துக்கொள்வதும், பழைய கடன்களை மறைக்காமல் சொல்வதும் அவசியம். கலியாண எழுத்துக்கு முதல் நாள் அவசரமாக நீட்டப்பட்ட கடதாசியைப் பின்னர் வற்புறுத்தி வாங்கியது என்று சொல்ல இடமுண்டு. ஆகவே இந்த மாதமே தொடங்குங்கள்.