டுகாட்டோ வேனில் நாலு பேருக்கு இடம்: இந்தப் படம் சரியாக வருமா?

லெஸ்டர்_வண்டிக்காரன்:

வணக்கம். போன மாதம் பார்சல் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய பியட் டுகாட்டோ வேன் ஒன்று வாங்கினேன், எல்3 எச்2 (நீளத்தையும் உயரத்தையும் சொல்லும் அளவுக் குறி). முன்னால் மூன்று சீட், பின்னால் வெறும் தகரம். உள்ளே நீளம் 3.7 மீட்டர், அகலம் 1.87, உயரம் 1.93. நான் 172 செ.மீ. என்பதால் தாராளமாக நிமிர்ந்து நிற்கலாம். வீட்டில் நான், மனைவி, 6 வயது மகள், 3 வயது மகன். வரும் கோடை விடுமுறைக்குள் இதைப் படுத்து, சமைத்துத் தங்கும் கேம்பர்வேனாக்கி ஸ்காட்லாந்தின் வடகரையை ஒரு சுற்று சுற்றி வரவேண்டும் என்பது ஆசை.

பிள்ளைகள் தூங்கியபிறகு ஒரு மாதமாக கிராஃப் தாளில் வரைந்து அழித்து வரைந்து இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். பின்கதவை ஒட்டிக் குறுக்காக எங்கள் இருவருக்கும் நிரந்தரக் கட்டில், அதன் அடியில் சாமான்களும் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும். வலது சுவரை ஒட்டி நீளமாக ஒரு பெஞ்சு, வண்டி ஓடும்போது பிள்ளைகள் அதில் உட்காருவார்கள், இரவில் அதுவே அவர்கள் படுக்கை. இடது பக்கம் இன்டக்ஷன் அடுப்போடு சமையல் மேடை. மூலையில் குளியலறை, கழிப்பறை. (மனைவியின் ஒரே நிபந்தனை அதுதான். இரவு இரண்டு மணிக்குச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு மழையில் நடக்க அவள் தயாரில்லை.) கராஜில் 18 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை நிறைய கிடக்கிறது, அதிலேயே எல்லா அலமாரியும் செய்துவிடலாம் என்று கணக்கு.

இதில் எங்கே தப்பு செய்கிறேன் என்று சொல்லுங்கள். மரத்தை வெட்டிவிட்ட பிறகு தெரிந்தால் அழுவேன்.


பிரிஸ்டல்_தச்சன்:

படத்தைப் பார்த்ததும் கண்ணில் பட்டது அந்தப் பக்கவாட்டு பெஞ்சுதான், சகோ. அதை இப்போதே அழித்துவிடுங்கள். இங்கே பிரிட்டனில் 12 வயது ஆகும்வரை அல்லது 135 செ.மீ. உயரம் வரும்வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை, குழந்தைக்குக் கார் சீட் கட்டாயம். பக்கம் பார்த்த இருக்கையில் குழந்தை சீட்டைப் பொருத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் இரண்டு பேரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மைல்கூடப் போக முடியாது. சட்டம் கிடக்கட்டும், திடீரென்று பிரேக் போட்டால் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கழுத்து என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாரும் கட்டிலிலிருந்து வரைய ஆரம்பிக்கிறோம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிள்ளைகள் இருந்தால் முதலில் வரையவேண்டியது ஓடும்போது அவர்கள் உட்காரும் இடம், அது ஒன்றுதான் நம் இஷ்டத்துக்கு நகராது. முன்சீட்டுகளுக்குப் பின்னால் 80 செ.மீ. விட்டு, வலது பக்கமாக, முன்னோக்கிய இரட்டை இருக்கை. 1 மீட்டர் அகலம் இருந்தால் இரண்டு குழந்தை சீட் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இழுவைச் சோதனையில் தேறிய எம்1 (பயணிகள் கார் வகைக்கான) இருக்கையாகப் பார்த்து வாங்கி, பொருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எல்லாம் சேர்த்து ஆயிரம் பவுண்டைத் தாண்டும், வயிறு எரியும், பரவாயில்லை. பழைய காரிலிருந்து கழற்றிய சீட்டை வேன் தரையில் நாலு போல்ட்டில் முடுக்கி, பெல்ட்டை மரச்சட்டத்தில் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மோதலின்போது அந்த மரம் தீப்பெட்டி மாதிரி நொறுங்கும்.

இந்த இருக்கை வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக இடம் பிடிக்கும். முன்னால் இருக்கும் இரட்டைப் பயணி சீட்டை எடுத்துவிட்டுச் சுழலும் ஒற்றைச் சீட் போடுங்கள். நடுவில் கழற்றி மாட்டும் மேசை. சாப்பாட்டு அறை அங்கேயே கிடைத்துவிடும்.


கவன்ட்ரி_மாமா:

தம்பி, இருக்கையைப் பற்றித் தச்சன் வடிவாகச் சொல்லிவிட்டார். நான் எடையைப் பற்றிக் கதைக்கிறேன், ஏனென்றால் அதில் நான் நன்றாக வாங்கிக் கட்டியவன்.

கதவுப் பக்கத் தகட்டில் உங்கள் வண்டியின் உச்ச எடை என்ன என்று முதலில் பாருங்கள். என்னுடையது 3500 கிலோ. 1997க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்களுக்குச் சாதாரண கார் லைசென்ஸில் அதுதான் எல்லையும்கூட. நடுத்தடுப்பைக் கழற்றி, டீசல் நிரப்பி, நான் ஏறி உட்கார்ந்து எடைமேடையில் ஏற்றியபோது 2,060 காட்டியது. 1,400 கிலோ மிச்சம் இருக்கிறதே என்று சந்தோசமாக வீடு கட்டுவதுபோலக் கட்டினேன். ஓக் மேசை, கண்ணாடிக் கதவு அலமாரி, ஈய பேட்டரி மூன்று. வேலை முடிந்து, பிள்ளைகள், சைக்கிள், அரிசிமூட்டை என்று எல்லாம் ஏற்றி மறுபடி நிறுத்தினால் 3,560. அடுத்த நாள் அலமாரியை நானே சுத்தியலால் கழற்றினேன், மனைவி பக்கத்தில் நின்று பார்த்தா, ஒரு சொல்லும் சொல்லவில்லை.

உங்கள் எம்டிஎஃப் பலகை, எட்டுக்கு நாலு அடி, 18 மி.மீ., ஒன்று கிட்டத்தட்ட 40 கிலோ. பத்துப் பலகை போனால் 400. அதே அளவில் 12 மி.மீ. பாப்லர் பிளைவுட் 16 கிலோ அளவில்தான் வரும். பத்துப் பலகையில் 240 கிலோ மிச்சம், நீங்கள் நாலு பேரும் சேர்ந்தே அவ்வளவு வரமாட்டீர்கள். எம்டிஎஃப் ஈரம் பட்டால் ஊதியும் போகும், வேனுக்குள் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

மற்றது அந்தத் தண்ணீர்த் தொட்டி. பின்கட்டிலுக்கு அடியில் என்றால் அது பின் அச்சுக்கும் பின்னால் போய்விடுகிறது. 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அச்சிலிருந்து 80 செ.மீ. பின்னால் வைத்தால் பின் அச்சில் ஏறுவது 120 கிலோவுக்குக் கிட்ட, ஏனென்றால் முன்பக்கத்தை அது 20 கிலோ தூக்கிவிடுகிறது. டுகாட்டோ முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டி. முன்பக்கம் இலேசானால் மழை பெய்த கேம்ப் புல்தரையில் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டு நிற்கும், பக்கத்துக் கூடாரக்காரர் தள்ளவேண்டி வரும். தொட்டியை அச்சுகளுக்கு நடுவில் கொண்டுவாருங்கள், 60, 70 லிட்டர் போதும், எந்தக் கேம்பிலும் குழாய் இருக்கிறது.


டைன்கரை_அம்மா:

நாங்கள் நியூகாசிலில், ஏறக்குறைய இதே வண்டி, இரண்டு பிள்ளைகள், இரண்டு கோடை ஓட்டியாகிவிட்டது. ஆண்கள் எல்லாரும் பலகை, அச்சு என்று பேசுகிறீர்கள், நான் சாயங்காலம் ஏழரை மணியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏழரைக்குப் பிள்ளைகள் படுக்கவேண்டும். பெஞ்சுதான் அவர்கள் படுக்கை என்றால், அந்த நிமிடத்தோடு மேசை போச்சு, விளக்கு போச்சு, நீங்கள் இரண்டு பேரும் பின்கட்டிலில் ஏறி இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். முதல் கோடை முழுக்க எங்களுக்கு அப்படிப் போனது. வெளியே உட்காரலாமே என்பீர்கள், மேற்கு ஹைலண்ட்ஸில் ஜூலை மாதத்து மிட்ஜ் பூச்சி உங்களை இன்னும் கடிக்கவில்லை போலிருக்கிறது.

அடுத்த வருடம் தலைகீழாக மாற்றினோம். பின்கதவை ஒட்டிக் குறுக்கே 75 செ.மீ. அகலத்தில் மேலும் கீழுமாக இரண்டு பங்க், நடுவில் கனமான திரை. பிள்ளைகள் அங்கே. நாங்கள் முன்னால் மேசையில் டீ குடித்து, அதற்கப்புறம் மேசையை இறக்கி, கதவுப் பக்கம் ஒரு பலகை நீட்டி, 120 செ.மீ. அகலக் கட்டிலாக்கிக் குறுக்கே படுப்போம். சுவருக்கு இன்சுலேஷன் அடித்தபிறகு குறுக்கே 1.80 கிடைத்தாலே பெரிது, நீங்கள் 172 என்பதால் தப்பித்தீர்கள்.

மேல் பங்க் மகளுக்கு மட்டும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது, வீட்டு பங்க் கட்டிலுக்கான ஐரோப்பியத் தரவிதியே அதைத்தான் சொல்கிறது. தடுப்பு மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 16 செ.மீ. எழும்பவேண்டும், கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 7.5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. இதில் தடிமனான மெத்தை வாங்கினால் தடுப்பின் உயரம் அதற்குள்ளேயே கரைந்துவிடும், நான் செய்த தப்பு.

குளியலறை வேண்டாம், கேம்புகளில் ஷவர் இருக்கிறது. கழிப்பறை கட்டாயம் வேண்டும், உங்கள் மனைவி கட்சிதான் நானும். இழுத்து எடுக்கும் சிறிய போர்ட்டபிள் டாய்லெட், சுற்றி ஒரு திரை, அவ்வளவுதான். குளியலறைக்கு ஒதுக்கிய இடத்தில் நனைந்த கோட்டும் சேற்று பூட்ஸும் வைக்கத் தட்டு போடுங்கள், மூன்றாம் நாள் மழையில் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

சமையலுக்கு வருவோம். வேனுக்குள் தாளித்தால் அந்த வாசனை மெத்தைக்குள் போய்க் குடியேறிவிடும். நான் தாளிப்பை வெளியே, ஆனிங்குக்கு (வேன் பக்கத்தில் விரிக்கும் துணிக்கூரை) அடியில், கையடக்க அடுப்பில்தான் வைத்துக்கொள்வேன். குளிர் நாளில் பியூட்டேன் சிலிண்டர் எரியாது, பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகிலேயே அது ஆவியாக மறுக்கும். புரோப்பேன்தான் சரி. இட்லி அவித்தால் ஜன்னல் எல்லாம் அழும், அதையும் வெளியே. நாலு பேர் மூச்சுக்கே விடிகாலையில் கண்ணாடி நனைந்திருக்கும், கூரையில் ஒரு காற்றுவிசிறி, மெத்தைக்கு அடியில் காற்று போக மரச்சட்டம், இரண்டையும் மறக்காதீர்கள். ஹீட்டர் எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூடத் தூங்காதீர்கள்.


பிரிஸ்டல்_தச்சன்:

அக்கா சொல்வதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். தினமும் இரவு கட்டில் போட்டுக் காலையில் பிரிப்பது நாலாவது நாளே வெறுத்துவிடும். பிள்ளைகள் எங்கே போட்டாலும் தூங்குவார்கள், முதுகு நம்முடையதுதானே.


டைன்கரை_அம்மா:

உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது பதினைந்து வயது இருக்குமே, மறந்துவிட்டீர்கள். கட்டில் போட எனக்கு ஆகும் நேரம் ஆறு நிமிடம். தூங்காத மூன்று வயதுக்காரனோடு போராட ஆவது ஒன்றரை மணி நேரம்.


லெஸ்டர்_வண்டிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, மாமா சொன்ன எடையைப் படித்துவிட்டு நேற்று எனக்குத் தூக்கமே இல்லை. புதிய கணக்கு: முன்னால் மேசையும் பிள்ளைகள் இருக்கையும் 155 செ.மீ., நடுவில் ஒரு பக்கம் சமையல் மேடை, எதிரே டாய்லெட்டும் கோட்டுத் தட்டும் 130, பின்னால் பங்க் 75. மொத்தம் 360, இன்சுலேஷனுக்குக் கொஞ்சம் மிச்சம். தொட்டி பிள்ளைகளின் இருக்கைக்குப் பின்னால், மேடைக்கு அடியில்.

இரண்டு கேள்வி. இன்டக்ஷனை விட மனமில்லை, 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்று போதுமா? அப்புறம் டிவிஎல்ஏ (வண்டிப் பதிவு அலுவலகம்) பதிவு விஷயம் என்ன?


கவன்ட்ரி_மாமா:

அந்த பேட்டரியில் மொத்தமே 1.28 யூனிட் தம்பி. 2000 வாட் இன்டக்ஷன் 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும், கைப்பெருவிரல் தடிமனில் கேபிள் ஓட்டவேண்டி வரும். நாள் முழுக்க நாலு பேருக்குச் சமைக்க ஒன்று போதாது, இரண்டு போடுங்கள், இல்லையென்றால் காஸுக்குப் போங்கள். சின்ன ரைஸ் குக்கர் மட்டும் என்றால் கவலையில்லை, 400 வாட்டில் அரைமணி, 0.2 யூனிட்டோடு முடிந்துவிடும். எந்த லித்தியமானாலும் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, அதனால் பேட்டரியை உள்ளே, சூடு வரும் இடத்தில் வையுங்கள்.

பதிவில் 'மோட்டார் கேரவன்' என்று மாற்ற உள்ளே கட்டிலும் மேசையும் அடுப்பும் இருந்தால் மட்டும் போதாது. 180 செ.மீ. நீளப் படுக்கை, தரையிலோ சுவரிலோ பொருத்திய மேசை இவற்றோடு, வெளியிலிருந்து பார்க்கவும் கேம்பராகத் தெரியவேண்டும் என்கிறார்கள்: ஒரு பக்கத்திலாவது இரண்டு ஜன்னல், ஆனிங் கம்பி, இரண்டு பக்கமும் கேம்பர் பாணிப் பட்டை ஓவியம், இப்படி. மாறாவிட்டாலும் வண்டியை ஓட்டலாம். ஆனால் இன்சூரன்ஸ்காரரிடம் மாற்ற ஆரம்பிக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.


டைன்கரை_அம்மா:

வடகரைக்குப் போகிறீர்கள் என்பதால் ஒன்று. ஸ்காட்லாந்தில் எங்கும் தங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 2003 நிலச் சட்டம் கொடுத்த உரிமை கூடாரத்துக்குத்தான், வண்டிக்கு இல்லை. ஜூலையில் கேம்ப் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வண்டி உயரம் 2.52, விசிறி போட்டால் இன்னும் கூடும், 2.1 மீட்டர் தடுப்புள்ள கார் பார்க் பக்கமே போகாதீர்கள். உயரத்தைத் தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.


லெஸ்டர்_வண்டிக்காரன்:

நேற்று வண்டித் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அட்டைப்பெட்டிகளை அடுக்கி, முழு அமைப்பையும் போட்டுப் பார்த்தோம். நல்ல மழை. நாலு பேரும் உள்ளே ஒரு மணி நேரம் இருந்து சாண்ட்விச் சாப்பிட்டோம். மேடைக்கும் டாய்லெட் பெட்டிக்கும் நடுவே இருவர் கடக்க முடியவில்லை, மேடை ஆழத்தை 60லிருந்து 48 ஆக்கிவிட்டேன். மகள் தன் மேல் பங்குக்கு ஜன்னல் கேட்கிறாள், ஆக பதிவுக்கான ஜன்னலில் ஒன்று முடிவாகிவிட்டது. சின்னவன் கீழ் பங்க் அட்டைப்பெட்டிக்குள்ளேயே தூங்கிப்போனான். மனைவி எம்1 இருக்கைக்கு முன்பணம் கட்டச் சொல்லிவிட்டாள்.

18 மி.மீ. எம்டிஎஃப், முழுப் பலகை ஆறு, கராஜில் நிற்கிறது. லெஸ்டர் பக்கம் யாருக்காவது வேண்டுமா? காசு வேண்டாம், வந்து தூக்கிப்போனால் போதும், இரண்டு பேராக வாருங்கள்.