ஐ.டி. வேலையை விட்டுக் கைத்தறி: கோத்தகிரியில் எந்தத் தறி, எந்த நூல்?

மலைச்சாரல்:
வரும் மார்ச்சில் வேலையை விடுவதாக எண்ணம். கோத்தகிரி வீட்டில் 12க்கு 10 அடியில் மண்தரை அறை ஒன்று சும்மா கிடக்கிறது. குழித்தறி போடலாமா? துண்டு நெய்ய எந்த நூல், எத்தனை கிலோ? ஒரு பாவு (தறியில் நீளவாக்கில் ஓட்டும் இழைகள்) முடிய எத்தனை மணி நேரம்?

தார்க்குச்சி:
குழி வேண்டாம் சார். ஐப்பசி மழையில் குழிக்குள் ஈரம் ஊறும், மிதிக்கயிறு மக்கும். தரைக்கு மேல் நிற்கும் சட்டத்தறியே போதும். பண்ணை, அதாவது இழைகளைப் பிரித்து நெருக்கி அடிக்கும் சீப்பு, மட்டும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். சாதா இரும்பு என்றால் பனிமூட்டத்தில் துரு ஏறி, வெள்ளைத் துணியில் காவிக் கோடு விழும். சலவையில் அது போகாது.

நூல் 2/20 எடுங்கள், 20-ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது. ஒற்றை இழைக்குக் கஞ்சி கட்டாயம். கஞ்சி போட்ட பாவு வெயிலில் காய வேண்டும். மூடுபனியில் காயாமல் இழைகள் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். இரட்டை முறுக்கு நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கணக்கு இதோ. அகலம் 28 அங்குலம், அங்குலத்துக்கு 24 இழை: மொத்தம் 672. பாவு 20 மீட்டர் ஓட்டினால் 13,440 மீட்டர் நூல். 2/20 ஒரு கிலோவில் ஏறக்குறைய 16,900 மீட்டர் வரும், ஆக பாவுக்கு 800 கிராம். தறியில் மிஞ்சும் வால் 1 மீட்டர், நெசவில் சுருங்குவது பத்தில் ஒரு பங்கு போக 17 மீட்டர் துணி தேறும். அதற்கு ஊடை, அதாவது குறுக்கு இழை, 700 கிராம். கழிவும் சேர்த்து 2 கிலோ வாங்குங்கள்.

படைமரம்:
நேரத்தை விட்டுவிட்டீர்களே. ஊடையும் அங்குலத்துக்கு 24 என்றால் 17 மீட்டருக்குச் சுமார் 16,000 ஊடை. நிமிடத்துக்கு 20 போட்டால் 13 மணி நேரத்துக்கு மேல். ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றுவதும் அறுந்ததை முடிவதும் தனி. புதுக்கை ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளட்டும்.

ஓர இழைதான் அதிகம் அறும். ஊடையை இறுக்கி இழுத்தால் துணி உள்ளே ஒடுங்கும், பண்ணைப் பல் ஓரத்தை அறுக்கும். ஊடையைச் சற்றுச் சாய்வாக விட்டு அடியுங்கள். தை, மாசியில் காற்று வறண்டாலும் பருத்தி வலுவிழக்கும். அறையில் ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள்.

மார்ச் என்று இப்போதே நாள் குறிக்காதீர்கள். முதல் பாவை யாராவது கோர்த்துத் தந்துவிடுவார்கள், பரீட்சை இரண்டாவது பாவில்தான். பழைய பாவின் வாலை, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் பண்ணையிலும் அப்படியே விட்டு, 672 இழையையும் புதுப் பாவோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். துணியை அறுத்தெடுக்கும் ஆசையில் வாலையும் உருவிவிட்டால் மறுபடி முதலிலிருந்து கோர்க்க வேண்டியதுதான்.

மலைச்சாரல்:
நன்றி அண்ணே. தோடர் பூவேலை மாதிரிக் கரை நெய்து விற்றால் ஊட்டியில் போகுமா?

தார்க்குச்சி:
போகும், ஆனால் செய்யாதீர்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. தோடர் பெண்கள் இழை எண்ணி ஊசியால் போடுவது. தறியில் நகலெடுத்தால் அவர்கள் பிழைப்பில் கைவைப்பதாகும். வேண்டுமானால் அவர்களுக்குத் தேவையான வெள்ளைத் துணியை நெய்து கொடுங்கள். பாவும் ஊடையும் அங்குலத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். 24க்கு 20 என்று ஊடை தளர்ந்தால் எண்ணிப் போடும் பூ நீண்டுவிடும். தறியிலிருந்து இறக்கி, நனைத்துக் காயவைத்த பிறகு எண்ணிப் பாருங்கள்.