கறிவேப்பிலைப் புழு நீட்டும் 'நாக்கு': என்ன பெயர் வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

சில பட்டாம்பூச்சிப் புழுக்கள் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து வாடையோடு வெளியே தள்ளும் உறுப்பு 'ஆஸ்மிட்டீரியம்'. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். வந்தவை மூன்று: மணச்சுரப்பி, நாற்றக்கொம்பு, நாறுநா. சரி, புழுவையே கேட்டுவிடுவோம் என்று மாடிக்குப் போனேன்.

தொட்டியில் இடுப்பு உயரத்துக்குக் கறிவேப்பிலைச் செடி. அதில் இப்போது ஐந்து புழுக்கள், எல்லாம் கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியுடையவை. சின்னதில் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும். நான்காம் முறை தோலுரித்ததும் ஒரேயடியாகப் பச்சைக்கு மாறிவிடும். ரசத்துக்கு இலை கிள்ளப் போன அம்மாவின் விரல் இதில் ஒன்றின் மேல் பட்டுவிட்டது. 'ஐயோ, பாம்பாட்டம் நாக்கை நீட்டுதுடா!' என்று அங்கிருந்தே குரல்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. புடைத்த நெஞ்சுப் பகுதியில் இரண்டு பொய்க்கண்கள். நிஜத் தலை அதற்கு முன்னால் கீழே மடங்கிக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவிலிருந்து சிவப்பாக, ஈரமாக, இரண்டாகப் பிரிந்த ஒன்று வெளியே வருகிறது. பார்ப்பவருக்கு நாக்குதான். ஆனால் வாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதால் 'நாறுநா' என்று வைத்தால் உடற்கூறு பொய்யாகிவிடும். அதை முதலில் தள்ளினேன்.

'நாற்றக்கொம்பு' எனக்கும் பிடித்திருந்தது. ஒரு எறும்பு ஏறியபோது பக்கத்தில் குனிந்து பார்த்தேன். முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கை உள்பக்கம் வெளியே புரண்டு வருமே, அப்படித்தான் இதுவும் புரண்டு வந்தது. உடல் திரவத்தை அந்தப் பக்கம் தள்ளி அழுத்தத்தால் பிதுக்குகிறது. வேலை முடிந்ததும் தசை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தலையை வளைத்து, அந்த ஈரத்தை எறும்பின் மேலேயே தேய்க்கப் பார்த்தது. கொம்பு என்றால் கெட்டியாக, எப்போதும் வெளியே இருப்பது. பருந்தந்துப்பூச்சிப் புழுக்களுக்கு வால்பக்கம் உண்மையிலேயே கொம்பு போல ஒன்று நிற்கிறது. 'வால்கொம்பு' என்ற பெயரை அதற்கு விட்டுவைப்பது நல்லது.

'மணச்சுரப்பி' தப்பில்லை, ஆனால் எந்தச் சுரப்பி? மணம் விடும் சுரப்பிகள் பூச்சி உலகத்தில் ஏராளம். இந்த ஒன்றுக்கான தனி அடையாளம், இரண்டாகப் பிரிந்து வெளியே வருவதுதான். அதனால் என் பரிந்துரை: நாற்றக்கவை. கவை என்றால் இரண்டாகப் பிரியும் கிளை. உண்டிவில் செய்யக் கவட்டை தேடி மரம் மரமாக ஏறியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

* * *

தம்பி,

கவை பொருத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்றம் என்பது இன்றைக்குக் கெட்ட வாடை மட்டுமே. மூலச்சொல்லில் இருக்கும் கிரேக்க 'ஆஸ்மே' பொதுவாக வாசனை, அவ்வளவுதான். பாடநூலில் போட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். 'மணக்கவை' என்றால் என்ன குறைந்துவிடும்?

* * *

ஐயா, வணக்கம்.

உங்கள் கேள்விக்காக நேற்று மறுபடி மாடிக்குப் போய் ஒவ்வொரு புழுவாகச் சீண்டினேன் (பாவம்தான்). இன்னும் எச்சம் போலவே இருந்த இரண்டிடமிருந்து வந்தது எலுமிச்சை இலையைக் கசக்கினாற்போல ஒரு வாடை, மூக்குக்கு இதம். பச்சைப் புழு விட்டதோ ஊசிப்போன வெண்ணெய். விரலை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இது என் மூக்கின் கற்பனை இல்லை. இந்த அழகிகளில் இளம்புழுக்கள் விடுவது பெரும்பாலும் டெர்ப்பீன் வகைப் பொருள்கள், எலுமிச்சைத் தோலில் இருக்கும் அதே இனம். கடைசிப் பருவத்துக்கு வந்ததும் சரக்கு மாறிவிடுகிறது: ஐசோபியூட்டிரிக் அமிலமும் 2-மெதில்பியூட்டிரிக் அமிலமும். தோலின் நிறம் மாறும் அதே தோலுரிப்பில் வாடையும் மாறுகிறது.

இப்போது 'நாற்றம்' என்ற சொல்லைப் பாருங்கள். பழந்தமிழில் நறுமணம், இன்றைக்குத் துர்நாற்றம். சொல் பல நூற்றாண்டில் செய்ததை இந்தப் புழு இரண்டே வாரத்தில் செய்து முடிக்கிறது! மணக்கவை என்றால் பச்சைப் புழு விடுபட்டுவிடும். நாற்றக்கவையில் இரண்டும் அடங்கும். பிள்ளைகள் சிரிக்கட்டும் ஐயா, எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்க வேண்டும். அகராதியில் 'எதிரிகளை விரட்டும் உறுப்பு' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடக் கூடாது. எறும்பு ஓடிப்போனது உண்மை. ஆனால் ஐந்தில் ஒன்று நேற்றிலிருந்து சாப்பிடாமல் சுருங்கிக் கிடக்கிறது. ஒட்டுண்ணி வேலை என்று சந்தேகப்படுகிறேன். புழுவின் உடம்பில் முட்டை வைக்கும் குளவிகளும் ஈக்களும் இந்த வாடையைத் தாண்டி வரத்தான் செய்கின்றன. 'எறும்பு போன்ற சிறு எதிரிகளை' என்று எழுதினால் போதும்.

* * *

தம்பி,

சரி, நாற்றக்கவைக்கு என் ஓட்டு. ஆடுதீண்டாப்பாளைச் செடியில் இருக்கும் ரோஜா அழகிப் பட்டாம்பூச்சியின் புழுவுக்கும் அது உண்டு, குட்டையாக, ஆரஞ்சு நிறத்தில். அங்கேயும் இந்தப் பெயர் பொருந்தும். ஆனால் வினைச்சொல்லை மறந்துவிட்டீர்கள். புழு கவையை நீட்டியதா, பிதுக்கியதா, புரட்டியதா? நீங்கள் சொன்ன சட்டைக்கை உவமைப்படி பார்த்தால் 'நீட்டியது' சரியில்லையே.

* * *

ஐயா, அங்கேதான் நானும் மாட்டிக்கொண்டேன். கட்டுரைக்குப் 'பிதுக்கியது', பேச்சுக்கு 'நீட்டியது' என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். அம்மா இன்னமும் நாக்கு என்றுதான் சொல்கிறார்.