நீலச் சாயம் கணுவைக் காட்டுதில்லை, அனுபவமுள்ளவை சொல்லுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைப் பிரிவொன்றில் வேலை செய்யிறன். மார்பகப் புற்றுநோயாளருக்குக் கமக்கட்டில் முதலாவது நிணநீர்க் கணுவை (புற்று பரவினால் முதல் போய்ச் சேருற கணு) தேட எங்களிட்டை இருக்கிறது மெதிலீன் நீலம் மட்டும்தான். கதிரியக்க மருந்து போன கணுவைக் கண்டுபிடிக்கிற காமா புரோபும் இல்லை, ஐசிஜி எண்ட ஒளிரும் சாயத்தைப் பாக்கிற கமராவும் இல்லை.

1% மருந்தைச் சேலைனில் ஐதாக்கி, முலைக்காம்பைச் சுற்றின கருவளையத்துக்குக் கீழே ஏத்தி, 5 நிமிஷம் நீவி விடுறம். மெலிஞ்ச ஆக்களில் நீலக் குழாய் நூல் மாதிரித் தெரியும். அதைப் பிடிச்சுக்கொண்டு போனால் கணு வந்திடும். உடம்பு பருத்தவையிலும், முதலே கீமோ எடுத்தவையிலும்தான் கரைச்சல். கொழுப்புக்குள்ளை வெளிறின நீலம் பரவி நிக்கும், கணு பிடிபடாது. பிறகு கமக்கட்டுக் கணுக்களை முழுக்க எடுக்க வேண்டி வரும். அப்பிடி எடுத்தால் சிலருக்குக் கை வீங்கும், அந்த வீக்கம் காலம் முழுக்க மாறாது. அதுதான் மனசை அரிக்குது.

நீங்கள் எவ்வளவு ஐதாக்கிறியள்? வெட்ட முதல் எவ்வளவு நேரம் பொறுக்கிறியள்? கட்டியைச் சுற்றியும் ஏத்திறவை இருக்கினமோ? மெதிலீன் நீலத்தைத் தோலுக்குள்ளையே ஏத்தினால் தோல் கருகலாம், அந்த வழி வேண்டாம். பேற்றன்ற் புளூ எண்ட மற்ற நீலச் சாயத்தைப் பாவிக்கிறவை, ஒவ்வாமையை எப்பிடிச் சமாளிக்கிறியள் எண்டும் எழுதுங்கோ. படம் போட்டால் நோயாளியின்ரை பேர், முகம் தெரியாமல் போடுங்கோ.