அக்ரிலிக் மண்டைத் தகடு: செய்முறை, சிக்கல்கள்

நியூரோ (மூளை அறுவை) தியேட்டரில் இருந்து:
ஆபரேஷனுக்காகத் திறந்த மண்டையை மறுபடி மூட, எடுத்துவைத்த எலும்பு கெட்டுப்போய், டைட்டானியத் தகட்டுக்கும் வழியில்லை என்றால் போன் சிமென்ட் (பொடியும் திரவமும் கலந்தால் இறுகும் அக்ரிலிக்) கைகொடுக்கும். ஒரு பாக்கெட்டில் 40 கிராம் பொடி, 20 மி.லி. திரவம். 12-க்கு 15 செ.மீ. திறப்பு, 4 மி.மீ. கனம் என்றால் ஒன்று பற்றாது. இரண்டு பாக்கெட்டையும் ஒரே நேரத்தில் கலக்கணும். பாதியில் இரண்டாவதைப் பிரித்தால் முதலாவது இறுகியிருக்கும், சேர்ந்த இடத்திலேயே பிளக்கும். கையுறையில் ஒட்டாத பதம் வந்ததும் அச்சில் பரப்புங்கள். இறுகும்போது கொதிக்கிற சூடு வரும். தலைமேலேயே வைத்து வடிவம் பிடிப்பவர்கள் டியூராமேல் (மூளையை மூடிய உறை) ஈரப்பஞ்சு போட்டு, குளிர்ந்த சலைன் ஊற்றிக்கொண்டே இருந்து, சூடேறத் தொடங்கியதும் கழற்றிவிடணும். என்னைக் கேட்டால், அச்சு இருக்கும்போது அந்த வம்பே வேண்டாம்.

அச்சு செய்கிற தரப்பு:
அச்சுக்கு சிடி ஸ்கேன் ஒழுங்காக வேண்டும் சார். 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய ஸ்லைஸ், கேன்ட்ரி (ஸ்கேன் வளையம்) சாய்வில்லாமல். நல்ல பக்கத்தைக் கண்ணாடிபோல் திருப்பி வடிவம் எடுக்க 3டி ஸ்லைசர் என்ற மென்பொருள் போதும், இலவசம். திறப்பு நடுக்கோட்டைத் தாண்டினால் இந்த வழி உதவாது, கையால் வளைவு கொடுக்கணும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் எடுத்த 3டி பிரிண்ட்டை ஆட்டோகிளேவில் (நீராவிக் கிருமிநீக்கி) வைத்துவிடாதீர்கள். 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். அதன்மேல் மருத்துவத் தர சிலிகோன் ஊற்றி, அந்த சிலிகோன் அச்சை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வையுங்கள்.

பல் மருத்துவக் கல்லூரி லேப்:
ஹீட் கியூர் (சூட்டில் இறுகும்) அக்ரிலிக்கும் உண்டு. மெழுகு வடிவம், ஃபிளாஸ்க் (உலோக அச்சுப்பெட்டி), 74 டிகிரி தண்ணீரில் 8 மணி நேரம். மோனோமர் (இறுகாத திரவம்) மிச்சம் குறைவு, நோயாளிக்குச் சூடே இல்லை. தோலுக்கு மேல் அளவெடுத்தால் மட்டும் தோல், தசைக் கனமும் சேர்ந்து விளிம்பு பொருந்தாது. சிடி மாதிரியின்மேல் மெழுகு வையுங்கள். கிருமிநீக்கம் எத்திலீன் ஆக்சைடில்தான், ஆட்டோகிளேவில் தகடு கோணிக்கொள்ளும். வாயு முழுக்க வெளியேற நேரம் விடணும் என்பதால், ஆபரேஷனுக்கு முந்தின நாள் தகடு அனுப்பினால் ஆகாது.

நியூரோ தியேட்டர் மறுபடியும்:
ஓட்டைகளை மறக்காதீர்கள்: 2, 3 மி.மீ. அளவில், தகடு முழுக்க. இல்லையென்றால் அடியில் ரத்தம் தேங்கும். நடு ஓட்டை வழியாக டியூராவைத் தூக்கித் தையல் போடலாம். பொட்டுப் பக்கம் தசைக்கு இடம்விட்டுக் கனத்தைக் குறையுங்கள். தகட்டை எலும்போடு பிடிக்கும் மினிபிளேட் குறைந்தது மூன்று இடத்தில். ஆடுகிற தகடுதான் பின்னால் தோலை அரிக்கும். சீழ் வந்துவிட்டால் ஆன்டிபயாடிக்கை நம்பி இழுக்காமல் தகட்டை எடுத்துவிடுங்கள்.