மின்வெட்டு இரவில் திரும்பி வந்த கதை: உங்களுக்கு எப்படி வந்தது?

வெள்ளவத்தைக் கதைக்காரி எழுதியது:

2022 மார்ச் கடைசியைக் கொழும்பில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் வாங்க டொலர் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் மட்டம் இறங்கிவிட்டது. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போன மின்வெட்டு 31ஆம் திகதி 13 மணித்தியாலத்தைத் தொட்டது. அந்த இருட்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். சொல்லி முடித்த பிறகு, எழுதுகிற, வரைகிற, பாடுகிற உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

நான் விளம்பர நிறுவனம் ஒன்றில் தமிழ் வாசகம் எழுதுகிறேன். சிங்களமும் ஆங்கிலமும் முடிவான பிறகு, அச்சுக்குப் போக அரை மணித்தியாலம் இருக்கும்போதுதான் தமிழின் முறை வரும். விட்டிருக்கும் கட்டம் சிறியது, தமிழ்ச் சொல் நீளமானது. சொல்லை வெட்டி வெட்டி அதற்குள் அடைப்பதிலேயே பகல் போய்விடும். இரவில் சிறுகதை எழுத உட்காருவேன். ஒரு வரி தோன்றும். அதைக் குறித்து வைக்கக் கைபேசியை எடுப்பேன். எடுத்த கையோடு குடும்பக் குழுவில் 14 செய்திகள், யாரோ ஒருவருடைய திருமண ஒளிப்படங்கள், அதிலிருந்து இன்னொன்று. கைபேசியைக் கீழே வைக்கும்போது வரி போயிருக்கும். இப்படி 3 ஆண்டுகள், ஒரு கதைகூட இல்லை. எழுத விடயம் இல்லாமலில்லை. அது வந்து கதவைத் தட்டிய நேரங்களில் நான் வீட்டில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தொடர்மாடியில் நான் நான்காவது மாடி. மின்வெட்டு இரவுகளில் உள்ளே இருக்க முடியாத புழுக்கம். மின்தூக்கியும் ஓடாது. அதனால் எல்லோரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி முகப்புக்கு வந்துவிடுவோம். கடல்காற்று அங்கேதான் கொஞ்சம் ஏறி வரும். எதிர்வீட்டு ஐயாவுடன் அதற்கு முன் 6 ஆண்டுகளில் ‘வணக்கம்’ தவிர வேறு எதுவும் கதைத்ததில்லை. அவர் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் 30 ஆண்டு, ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக்கோத்தவர் என்பது அந்த இரவில்தான் தெரிந்தது.

“இருட்டு எங்களுக்குப் பழக்கம் பிள்ளை. கண் தேவையில்லை. கைக்குப் பெட்டி தெரியும்” என்றார். ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார். ‘மழை’ என்றேன். இடது கையில் கோப்புச் சட்டம் இருப்பதுபோல் விரல்களை மடித்துக்கொண்டு, வலது கையால் இருட்டிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்து அதில் வைத்தார். மூன்று முறை கை போய் வந்தது. மூன்றும் வேறு வேறு இடங்களுக்கு. “முதலில் ம. பிறகு ஐகாரக் கொம்பு. அதற்குப் பிறகுதான் ழ. வாய் சொல்லும் ஒழுங்கு வேறு, கை கோக்கும் ஒழுங்கு வேறு.” பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் தட்டிப் பழகிய எனக்கு அது உடனே புரிந்தது. அங்கேயும் கொம்புதான் முதலில் விழும். யுனிகோடுக்கு வந்தபோதுதான் ழ முன்னுக்கு வந்தது. ஈயத்தில் அவர் செய்ததைத்தான் நான் இத்தனை காலம் விசைப்பலகையில் செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. பழைய ‘லை’, ‘ணை’க்குத் துதிக்கை வைத்த தனி எழுத்துகள் எந்த மூலையில் இருந்தன என்பதையும் அதே இருட்டில் தொட்டுக் காட்டினார். காற்றில் ஒரு முழுப் பெட்டி எழுத்து தொங்கிக்கொண்டிருந்ததுபோல இருந்தது.

உள்ளே போய் மெழுகுதிரி ஏற்றினேன். மகளுடைய பழைய கொப்பியில் எழுதாத பக்கங்கள் இருந்தன. நாட்டில் அப்போது கடதாசிக்கும் தட்டுப்பாடு. மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே அதனால் தள்ளிப்போயிருந்தது. அதனால் பொடி எழுத்தில், தாளின் இரண்டு பக்கமும் எழுதினேன். திரி அணையும்போது 5 பக்கம் வந்திருந்தது.

மறுநாள் அதை ஐயாவிடம் கொடுத்தேன். பென்சிலை எடுத்துப் பக்க ஓரத்தில் பிழைகளுக்குக் குறி போட்டுக்கொண்டே வாசித்தார். “ஐயா, இது புரூப் இல்லை, கதை” என்றேன். “எழுத்து எழுத்துத்தானே பிள்ளை” என்றார். இரண்டு ளகரம் தவறு, ஓர் ஒற்று மிகவில்லை. கதை நன்றாக இருக்கிறதா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் 4ஆம் பக்கத்தை மட்டும் இரண்டாம் முறை வாசித்தார்.

மின்சாரம் திரும்பியதும் பழைய பழக்கமும் திரும்பிவிட்டது என்பதை மறைக்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை இரவுகளில் மட்டும் கதிரையோடு வெளியே வந்துவிடுகிறேன், விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் மின்சாரம் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, நானும் ஐயாவும் பேசி வைத்ததுபோல ஒரே நேரத்தில் கதவைத் திறந்தோம். அந்த ஒரு கதைக்குப் பிறகு 7 எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு எங்கே, யாரால் வந்தது? நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆலோசனை வேண்டாம். அது எங்கும் கிடைக்கிறது.

---

சுருதி எழுதியது:

நான் பம்பலப்பிட்டியில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். தம்புரா வைத்துக் கற்றவள் நான். என் மாணவர்கள் எல்லோருக்கும் சுருதி கைபேசிச் செயலியில்தான். அதில் குறை ஒன்றும் இல்லை, சுத்தமான சுருதி. ஆனால் அதற்குச் சிணுக்கம் கிடையாது, கேட்டுக் கேட்டுச் சேர்க்க வேண்டிய தேவையும் கிடையாது. பிள்ளைகள் அதைக் காதால் வாங்குவதே இல்லை. மின்விசிறிச் சத்தம் மாதிரி அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் என் கைபேசி அணைந்துவிட்டது. வகுப்பில் சுருதி இல்லை. சரியாக அந்த நேரத்தில் ஒழுங்கைக்குள் பாண் முச்சக்கரவண்டி வந்தது. அது வாசித்துக்கொண்டு வரும் மெட்டு கொழும்பில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது பேத்தோவன் 1810இல் பியானோவுக்கு எழுதியது என்பது பாண் வாங்குகிற பலருக்குத் தெரியாது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பாடுவதை நிறுத்திவிட்டு, “டீச்சர், இதற்கு என்ன சுரம்?” என்று கேட்டான்.

எனக்கே தெரியாது. 20 ஆண்டு கேட்டும் நான் கேட்டுப் பார்த்ததில்லை. அதற்குள் வண்டி போய்விட்டது. எல்லோரும் மனதில் இருந்ததை வைத்து முணுமுணுத்தோம். கடைசியில் வந்து நிற்கும் இடத்தைச் சட்ஜமாகப் பிடித்துக்கொண்டால், ‘ப ம ப ம ப ரி ம க ச’. பையன் இரண்டு தரம் பாடிவிட்டு நிறுத்தினான். “டீச்சர், முதல் ம-வும் கடைசி ம-வும் ஒன்றில்லை.” உண்மைதான். முதலில் வருவது பிரதி மத்திமம், சற்று உயர்ந்த ம. முடிவுக்குப் போகும்போது சுத்த மத்திமம், சற்றுத் தாழ்ந்த ம. ஒரே வரியில் இரண்டும். இரண்டு மத்திமத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்கு விளக்க நான் இரண்டு மாதமாகப் போராடிக்கொண்டிருந்தேன்.

அந்த மெட்டிலிருந்து ஒரு சிட்டைசுரம், பாட்டோடு சேர்த்துப் பாட முன்கூட்டியே அமைக்கும் சுர வரிசை, கட்டினேன். 11 ஆண்டுகளில் நானே கட்டிய முதல் சிட்டைசுரம். செயலியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. வகுப்பின் முதல் 10 நிமிடம் அதைப் போடுவதில்லை. பிள்ளைகள் சட்ஜத்தைத் தங்களிடமிருந்தே தேடி எடுக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

---

கோட்டுக்காரன் எழுதியது:

எனக்குப் புறக்கோட்டையில் வந்தது. திட்டாக வந்தது.

சித்திரங்கள் வரைந்து பிழைக்கிறேன், எல்லாம் கணினியில். ஒரு காட்சி வேண்டுமென்றால் இணையத்தில் 200 படம் பார்த்துவிட்டுத்தான் கோடு போடுவேன். மற்றவர்களும் அதே 200 படத்தைத்தான் பார்க்கிறார்கள். எல்லோருடைய கொழும்பும் ஒரே கொழும்பாக இருந்தது. சலிப்பு தாங்காமல் ஒரு சனிக்கிழமை 4பி பென்சிலோடு இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். சிவப்புப் பள்ளிவாசலுக்கு எதிரே, ஒரு துணிக்கடைப் படியில் உட்கார்ந்தேன். அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகளில் 100 ஆண்டுக்கு மேலாகக் கண்கள் கூசியிருக்கின்றன. நான் அதை விட்டுவிட்டு நாட்டாமிகளை வரைந்தேன். தள்ளுவண்டியில் ஆள் உயரத்துக்கு மேல் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்.

ஒருவர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். “தம்பி, இவன் வண்டி தள்ளவில்லை. படம் பிடிக்க நிற்கிறான்” என்றார். நான் கைபேசியில் எடுத்த ஒளிப்படத்தைக் காட்டி, “இப்படித்தானே ஐயா நின்றீர்கள்?” என்று கேட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. வண்டிக்குப் போய்க் கையைப் பிடியில் வைத்து, “என் குதியைப் பார்” என்றார்.

பார்த்தேன். பின்கால் குதி நிலத்தில் இல்லை. பாரம் முழுவதும் பெருவிரல் மேட்டில். முழங்கால் உள்பக்கமாக ஒரு சாய்வு. வண்டி நகர்வதற்கு ஒரு கணம் முன்பே தோள் நகர்ந்துவிடுகிறது. நான் வரைந்த கால்கள் சுவர்போல நேராக இருந்தன. ஒளிப்படத்திலும் அந்தக் குதி தூக்கித்தான் இருந்தது, நான்தான் காணவில்லை. அன்று வேறு எதையும் வரையவில்லை. குதிகள் மட்டும், 40க்கு மேல்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர், செயற்கை நுண்ணறிவில் செய்த புறக்கோட்டைப் படம் ஒன்றை அனுப்பி, “இதை மாதிரிச் செய்யுங்கள்” என்றார். அழகான வெளிச்சம். முன்னால் ஒரு நாட்டாமி. இரண்டு குதியும் நிலத்தில் பதிந்திருந்தன. விரல்கள் வண்டிப்பிடியைச் சுற்றவில்லை, பிடிக்குள் கரைந்திருந்தன. அந்த வேலையை நான் என் குதிகளை வைத்துச் செய்துகொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்.

---

நூறாம் இலக்க பஸ் எழுதியது:

மேலே எல்லோரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்குக் கவிதை திரும்பக் கிடைத்தது கைபேசித் திரையில்தான்.

என் தாயின் மூத்த அண்ணன் கவிதை எழுதியவர். எனக்குப் பெரியமாமா. யாழ்ப்பாணத்தில் வீட்டு அலுமாரி நிறையச் சஞ்சிகைகள் வைத்திருந்தாராம். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார். 1995 இடப்பெயர்வில் அந்த அலுமாரியும் போயிற்று. திரும்பிப் போனபோது கூரையே இல்லை. மாமாவும் இல்லை. அவர் எழுதிய ஒரு வரிகூட எங்கள் கையில் இல்லை.

நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2005இல் தொடங்கி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக வருடி ஏற்றி வைத்திருக்கிறார்கள். பாணந்துறை பஸ்ஸில், காலி வீதி நெரிசலில், பொழுது போகாமல் மாமாவின் பெயரைத் தேடினேன். ஓர் இதழின் 23ஆம் பக்கம் திறந்தது. கம்பி குத்திய இடத்தில் துருக்கறை. நடுவில் 12 வரிக் கவிதை. நான் இறங்க வேண்டிய இடம் கொள்ளுப்பிட்டி. தெரியாமல் கோட்டை வரை போய்விட்டேன்.

அங்கிருந்தே அம்மாவுக்கு எடுத்து வாசித்தேன். ‘மழைக்கு முந்திய மண் மனம்’ என்ற கடைசி வரிக்கு வந்ததும் அம்மா குறுக்கிட்டார். “மனம் இல்லை, மணம். அச்சுப் பிழை. அண்ணா ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லித் திரிந்தவர்.”

நாற்பது ஆண்டு அந்தப் பிழை அம்மாவிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. அன்று இரவு நான் எழுத உட்கார்ந்தேன். யாரிடமோ கடன் வாங்கியதுபோல் எழுதிய காலம் போய், வீட்டுச் சொத்தைத் தொடர்வதுபோல் எழுதினேன். திரை இல்லாவிட்டால் எனக்கு அந்த இரவு இல்லை. அதனால் திரையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

---

தெகிவளை எழுதியது:

எனக்கு வரவில்லை. அதையும் ஒருவர் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுக் காலிமுகத்திடலில் 4 மணியிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்தேன், மூன்று ஞாயிறு. பட்டங்கள், இறால் வடை, குழந்தைகள், கடல். எல்லாம் அழகாக இருந்தன. கொப்பி வெறுமையாகவே வீட்டுக்கு வந்தது. அதோடு, அம்மா சுகமில்லாமல் இருக்கிறார், அழைப்பு வந்தால் எப்படித் தெரியும் என்ற பதற்றம் வேறு. உங்கள் அனுபவங்களை வாசிக்கும்போது ஒன்று கவனித்தேன். உங்கள் எல்லோருக்கும் இன்னொரு மனிதர் இருந்தார். நான் தனியே உட்கார்ந்திருந்தேன்.

---

வெள்ளவத்தைக் கதைக்காரி எழுதியது:

தெகிவளைக்கு: இதை நான் எழுதும்போது யோசிக்கவே இல்லை. நீங்கள் சொல்வது சரி. வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு எங்கள் மாடிப்படி முகப்பில் மூன்றாவது கதிரை ஒன்றைப் போட்டு வைக்கிறேன். கைபேசியைக் கொண்டு வாருங்கள், அம்மா அழைக்கக்கூடும்.

நேற்று இந்த இழை முழுவதையும் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாண் வண்டி மெட்டுக்குச் சிரித்தார். குதிகளுக்குத் தலையாட்டினார். ‘மண் மனம்’ வந்ததும் நிறுத்தச் சொன்னார். அது எப்படி நேர்ந்திருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றார்.

அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்தப் பெட்டியில் திரும்பப் போட வேண்டும். நாளின் கடைசி வேலை அது. வெளிச்சம் குறைந்திருக்கும், வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்கும். ஒரு னகரம் ணகரப் பெட்டிக்குள் விழுந்துவிடும். மறுநாள் கோக்கிறவன் பெட்டியைப் பார்ப்பதில்லை, கைதானே போகிறது. எடுத்தது ண என்று நம்பித்தான் வைப்பான். ‘மனம்’ என்பதும் நல்ல சொல்லாகிவிட்டதால் புரூப் பார்த்தவருக்கும் தட்டுப்பட்டிருக்காது.

“அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் பிள்ளை,” என்றார், “கோத்தவன் கவனமில்லாதவன் இல்லை. முதல்நாள் பின்னேரம் பிரித்துப் போட்டவனுக்குத்தான் இருட்டிவிட்டது.”